நைஜீரியாவின் மதவெறிக் கலகமும் அதை ஒழிக்கும் வழியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது நம் ஊர் விஷயமல்ல. ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பக்கத்தில் நைஜீரியா என்னும் தேசத்தில் 2009-ம் வருஷம் முதல் நடந்து வரும் ஒரு கலகத்தைப் பற்றியதாகும். நமக்கு முன் பேசிய தோழர் அதைக் குறிப்பிட்டு, "அந்தக் கூட்டத்தாரைக் கண்ட இடத்தில் சுட்டுத் தள்ள வேண்டியதுதான், ஒரு வாரம் ஆகாய விமானத்திலிருந்து குண்டு போட்டால் தீர்ந்து போகும்" என்று சொன்னார். நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் நம்மை இவ்விஷயமாகப் பேசும்படி செய்கிறது. பள்ளிக்கூடத்தைக் கொளுத்தி, படிக்கிற பெண் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு போகிற கூட்டத்தின் மீது அந்தத் தோழருக்கு வந்த ஆத்திரம் நமக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்ன வழியை நைஜீரியா சர்க்கார் செய்து பாராமல் இருந்து விடவில்லை. நன்றாகவே செய்து பார்த்தார்கள். அதன் பலன் என்னவாயிற்று என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க ஆசைப்படுகிறோம்.

நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில் போர்னோ என்று ஒரு மாகாணம். அதன் தலைநகரம் மைதுகுரி. அங்கே 2002-ம் வருஷ வாக்கில் முகம்மது யூசுப் என்ற ஒரு வாலிப மத போதகர் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்துக் கொண்ட பெயர் அரபு மொழியில் நீளமான ஒன்று. ஊரார் வைத்த பெயர்தான் "போகோ ஹராம்" என்பது. போகோ என்றால் அந்தப் பக்கத்து ஹௌசா மொழியில் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பள்ளிக்கூடப் படிப்பு. ஹராம் என்றால் மதத்தால் விலக்கப்பட்டது. அதாவது, பள்ளிக்கூடப் படிப்பே பாவம் என்பது அவர்களது மூல மந்திரம்.

இந்த யூசுப் 2009-ம் வருஷத்தில் லண்டன் பி.பி.சி. வானொலிக்காரருக்குப் பேட்டி கொடுத்தார். அதில் அவர் சொன்னது என்ன தெரியுமா? சூரிய வெப்பத்தால் தண்ணீர் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து மழையாகப் பெய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதைத் தாம் ஒப்புவதில்லை என்றார். மழை கடவுளின் நேர் சிருஷ்டி என்றார். பூமி உருண்டை என்பதும் வேதத்துக்கு விரோதமானால் தள்ள வேண்டியது என்றார். மனிதன் பிராணிகளிலிருந்து படிப்படியாக வந்தவன் என்று டார்வின் சொன்னதையும் தள்ளினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் நம்முடைய ஊரில் மழை வேண்டுமென்று அண்டாத் தண்ணீரில் உட்கார்ந்து வருண ஜபம் செய்கிறவர்களையும், கழுதைக்குத் தாலி கட்டி ஊர்வலம் விடுகிறவர்களையும் நினைத்துக் கொண்டு சிரியுங்கள். இங்கே ஜபம் செய்கிறவர் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கழுத்தறுப்பதில்லை. அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் மழையைப் பற்றிய அறிவில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்காரன் படிப்பு ஆகாது என்ற கூட்டத்துக்கு வெள்ளைக்காரன் துப்பாக்கி ஆகும். அவனுடைய மோட்டார் ஆகும், கைத் தொலைபேசி ஆகும், படம் பிடிக்கும் கருவியும் ஆகும். யூசுப்புக்குப் பின் தலைவராய் வந்த அபூபக்கர் ஷெகாவு என்பவர் அந்தக் கருவியின் முன் நின்றுதான் உலகத்தை மிரட்டினார். உற்பத்தி செய்கிற அறிவு ஹராம், உற்பத்தியான சாமான் மட்டும் ஹலால் போலும்!

நிற்க, இப்படிப்பட்ட பேச்சுக்கு ஆயிரக்கணக்கான வாலிபர்கள் ஏன் காது கொடுத்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். அவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்லி விடுவது சுலபம். நாமும் அப்படியே நினைத்ததுண்டு. விஷயத்தைத் தேடிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1903-ம் வருஷத்தில் லுகார்டு என்ற வெள்ளைக்காரத் துரை வடக்கு நைஜீரியாவின் சுல்தான்களையும் அமீர்களையும் ஜெயித்தபோது, "உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார். கேட்பதற்கு நல்ல வாக்குத்தான். நடந்தது என்னவென்றால், அமீர்களின் அதிகாரத்தை அப்படியே வைத்துக் கொண்டு, அவர்களை முன்னே நிறுத்தித் தாம் பின்னால் இருந்து ஆண்டார்கள். பாதிரிமார்கள் தெற்கே பள்ளிக்கூடங்களை ஏராளமாக வைத்தார்கள். வடக்கே அமீர்களின் சீமைக்குள் அவர்களுக்கு இடமில்லை. சர்க்காரும் தங்கள் பங்குக்கு மிகச் சொற்பமாகவே பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1914-ல் வடக்கையும் தெற்கையும் ஒரே தேசமாகச் சேர்த்தபோது, தெற்கத்தியான் குமாஸ்தாவாகவும் வக்கீலாகவும் வந்து நின்றான். வடக்கத்திக் குடியானவன் பிள்ளை, மத வாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, பகலில் ஓடேந்திப் பிச்சை எடுத்து இரவில் வேதத்தை மனப்பாடம் செய்து கொண்டிருந்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அல்மாஜிரி என்று பெயர். இன்றும் அங்கே இப்பிள்ளைகளைத் தெருவில் காணலாம்.

பிறகு தேசத்தில் எண்ணெய்க் கிணறு கண்டுபிடித்தார்கள். பணம் ஆறாக ஓடியது. ஓடியது எங்கே? போகோ படித்து உத்தியோகத்தில் உட்கார்ந்தவர்கள் வீட்டுக்கு ஓடியது. ஆகவே, "இந்தப் பள்ளிக்கூடம் திருடர்களைத்தான் உண்டாக்கியது" என்று யூசுப் சொன்னபோது, வேலையற்றுக் கிடந்த வாலிபனுக்கு அது கண்ணால் கண்ட உண்மையாகப் பட்டது. திருடியது படிப்பு அல்ல, திருடன்தான் என்று அவனுக்குப் பிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. யூசுப்போ அவனுக்குச் சோறு போட்டார். கல்யாணம் செய்து வைத்தார். அந்த வாலிபன் சர்க்காரை அறிந்தது போலீஸ்காரனின் தடி மூலமாகத்தான்.

போதாக்குறைக்கு ஓட்டு வாங்குகிறவர்கள் வேறு வந்தார்கள். 1999-ல் பட்டாள ஆட்சி போய் ஜனநாயக ஆட்சி வந்தவுடன், வடக்கு மாகாணங்களின் ராஜீயவாதிகள் ரஸ்தாவும் பள்ளிக்கூடமும் வைக்கிறோம் என்று சொல்வதை விட, "மதச் சட்டத்தைக் கொண்டு வருகிறோம்" என்று சொல்வது செலவில்லாத வாக்குறுதி என்று கண்டு கொண்டார்கள். பன்னிரண்டு மாகாணங்களில் கிரிமினல் குற்றங்களுக்கும் மதச் சட்டம் வந்தது. திருடிய ஏழையின் கையை வெட்டத் தீர்ப்பளித்தார்கள். கஜானாவைத் திருடியவன் கை பத்திரமாகவே இருந்தது. யூசுப்பின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் போர்னோ சர்க்காரில் மத இலாகா மந்திரியாகவே இருந்தார். நெருப்பை வளர்த்தவர்கள் யார் என்பதை இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

இனி 2009-க்கு வருவோம். அந்த வருஷம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜூன் மாதத்தில் யூசுப்பின் ஆட்கள் ஒரு சவ ஊர்வலமாகப் போகும்போது தலைக்கவசம் போடவில்லை என்று போலீசார் தடுத்தார்கள். வாய்ச்சண்டை முற்றியது. போலீசார் சுட்டார்கள். 17 பேருக்குக் காயம். அது பற்றி விசாரணை வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஜூலை கடைசி வாரத்தில் யூசுப்பின் கூட்டம் ஆயுதம் எடுத்துப் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கியது. பட்டாளம் வந்தது. நாலைந்து நாளில் ஏறக்குறைய 800 பேர் செத்தார்கள். ஜூலை 30-ந் தேதி பட்டாளத்தார் யூசுப்பை உயிரோடு பிடித்து விசாரித்து, போலீசார் கையில் ஒப்புவித்தார்கள். அன்றைக்கே அவர் போலீஸ் காவலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பி ஓடப் பார்த்தார் என்று போலீசார் சொன்னார்கள். ஆனால் அவர் பிடிபட்டு அமைதியாகப் பதில் சொல்லிக் கொண்டிருந்த படம் ஊர் ஊராகக் கைத் தொலைபேசிகளில் ஓடிக் கொண்டிருந்தது. அவருடைய வயதான மாமனார் தாமாகவே போலீசாரிடம் போனார். அவரும் காவலில் செத்தார். மறு வருஷம் ஒரு கோர்ட்டு அந்தக் குடும்பத்துக்கு 10 கோடி நைரா நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவு போட்டது. யூசுப்பைக் கொன்றதாக வழக்குப் போடப்பட்ட போலீசார் வருஷக்கணக்கில் கேஸ் நடந்து கடைசியில் விடுதலையானார்கள்.

தோழர்களே! இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும் என்கிறோம். அன்று யூசுப்பைக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊரார் எல்லாரும் பார்க்க, கேட்க, அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கலாம். "உமக்குப் பணம் கொடுத்தது யார்? எந்த மந்திரி உம் வீட்டுக்கு வந்தார்? போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கச் சொன்னது யார்? அங்கே செத்த காவலரின் பெண்டு பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லுகிறீர்?" என்று கேட்டிருக்கலாம். அத்துடன், "உம்முடைய கைத் தொலைபேசியைச் செய்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்?" என்றும் கேட்டிருக்கலாம். இப்படி ஒரு மாதம் நடந்திருக்குமேயானால் அவர் மகான் என்ற பட்டம் நிற்குமா? சில பெரிய மனிதர்களின் வேஷமும் கூடவே கலைந்திருக்கும். அதனால்தான் கோர்ட்டுக்குப் போகவில்லையோ என்று அங்கே பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இன்று வரை சமாதானம் கிடைக்கவில்லை.

வாதத்தில் அவர் தோற்கக் கூடியவர் என்பதற்குச் சாட்சி உண்டு. அவருக்கே ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்த ஷேக் ஜாபர் ஆதம் என்ற மத அறிஞர், பள்ளிக்கூடப் படிப்பு வேதத்துக்கு விரோதமல்ல என்று பகிரங்கமாகக் கண்டித்துக் கொண்டு வந்தார். வேறு மத அறிஞர்களும் யூசுப்பை மேடையில் உட்கார வைத்து வாதாடினார்கள். அந்த வாதங்களின் ஒலிப்பதிவுகள் ஊரில் விற்றன. ஜாபர் ஆதம் 2007 ஏப்ரலில் விடியற்காலைத் தொழுகையின் போது மசூதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கூட்டத்தால் செத்தவர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்களே என்பதையும், இதை எதிர்த்து முதலில் வாய் திறந்தவர்களும் அவர்களே என்பதையும் இங்கே உள்ள தோழர்கள் மறக்கக் கூடாது. "எல்லாரும் அப்படித்தான்" என்று பேசுகிறவர் யூசுப்புக்கே ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்.

தலைவனைக் கொன்றால் கூட்டம் ஒழியும் என்ற எண்ணம் அங்கே அதற்கு முன்னும் ஒரு முறை பரீட்சை பார்க்கப்பட்டது. 1980 டிசம்பரில் கானோ நகரத்தில் மைதாத்சினே என்று அழைக்கப்பட்ட ஒரு போதகர், கைக்கடிகாரமும் வானொலியும் சைக்கிளும் பாவம் என்று சொல்லிக் கூட்டம் சேர்த்துக் கலகம் செய்தார். பட்டாளம் வந்து அடக்கியதில் நாலாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவரும் மாண்டார். ஆனால் 1982-ல் இதே மைதுகுரியில், 1984-ல் யோலாவில், 1985-ல் கோம்பேயில் அவருடைய சீடர்கள் மறுபடியும் கிளம்பினார்கள். இது தெரிந்திருந்தும் 2009-ல் அதையே செய்தார்கள்.

பலன் என்ன? செத்துப் போனார் என்று சொல்லப்பட்ட ஷெகாவு 2010-ல் படத்தில் தோன்றினார். அதே வருஷம் செப்டம்பரில் பௌச்சி நகரத்துச் சிறையை உடைத்து 700 கைதிகளுக்கு மேல் வெளியே விட்டார்கள். 2011-ல் தலைநகரத்தில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டிடத்தில் வெடிகுண்டு வைத்தார்கள். பின்பு பள்ளிக்கூடங்களின் மேல் பாய்ந்தார்கள். 2009 முதல் 2015 வரையில் 910 பள்ளிக்கூடங்களுக்கு மேல் நாசமாயின என்றும், 611 ஆசிரியர்களாவது குறி வைத்துக் கொல்லப்பட்டார்கள் என்றும், 19,000 ஆசிரியர்கள் ஊரை விட்டு ஓடினார்கள் என்றும் மனித உரிமைச் சங்கம் ஒன்று கணக்கெடுத்து வெளியிட்டது. 2014 ஏப்ரல் 14-ந் தேதி இரவு சிபோக் என்ற சிற்றூரில் பரீட்சைக்காகத் தங்கியிருந்த 276 மாணவிகளைத் தூக்கிக் கொண்டு போனார்கள். அந்தப் பெயர்தான் உங்களுக்கெல்லாம் தெரியும்.

"இவ்வளவு அக்கிரமம் செய்தவனுக்குக் கோர்ட்டு என்ன, வாதம் என்ன?" என்று இங்கே ஒரு தோழர் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. துப்பாக்கியோடு எதிரில் நிற்கிறவனிடம் பூமி உருண்டை என்று பாடம் நடத்தச் சொல்ல நாம் பைத்தியக்காரர்களல்ல. 2014-ல் அவர்கள் க்வோசா முதலிய பல ஊர்களைப் பிடித்து, தங்கள் மத ராஜ்யம் என்று பறை சாற்றினார்கள். அந்த ஊர்களைப் பட்டாளம் 2015-ல் சண்டை போட்டுத்தான் மீட்டது. பக்கத்துச் சாட் தேசத்துப் படையும் உதவிக்கு வந்தது. அதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவனோடு சண்டை போடத்தான் வேண்டும். நாம் கேட்பதெல்லாம், சண்டைக்கு வராதவனை என்ன செய்தார்கள் என்பதே.

2013 மே மாதத்தில் மூன்று மாகாணங்களில் அவசர நிலைமைச் சட்டம் போட்டார்கள். பட்டாளத்தார் கிராமத்துக்குள் வருவார்கள். வயதுக்கு வந்த ஆண்களை எல்லாம் வரிசையாக உட்கார வைப்பார்கள். முகத்தை மூடிக்கொண்ட ஒருவன் விரலை நீட்டுவான். அவன் காட்டிய ஆட்கள் லாரியில் ஏற வேண்டும். வழக்கில்லை, விசாரணையில்லை. இப்படி அடைக்கப்பட்டவர்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் பட்டினியாலும் நெரிசலாலும் சித்திரவதையாலும் காவலிலேயே செத்தார்கள் என்று 2015-ல் அம்னஸ்டி இண்டர்நேஷனல் என்னும் சங்கத்தார் அறிக்கை வெளியிட்டார்கள். 2014 மார்ச்சில் கீவா பட்டாள முகாமைக் கலகக்காரர் தாக்கிக் கைதிகளைத் திறந்து விட்டபோது, ஓடிப் போகத் தெரியாமல் ஊருக்குள் சுற்றிக் கொண்டிருந்த 600 கைதிகளுக்கு மேல் மறுபடி பிடித்துச் சுட்டுக் கொன்றதாகவும் அவர்களே சொன்னார்கள். பட்டாளத்தார் இவைகளை மறுத்தார்கள். ஆனால் 2017 அக்டோபரில் ரகசிய விசாரணை என்று ஒன்று நடத்தியபோது 45 பேருக்குத் தண்டனை ஆயிற்று. 468 பேர் மீது வழக்கு நிற்காமல் விடுவிக்க உத்தரவாயிற்று. அந்த 468 பேர் அத்தனை காலம் எதற்காக உள்ளே கிடந்தார்கள்? அவர்களுடைய தம்பிமார்கள் அந்தக் காலத்தில் யார் பக்கம் போயிருப்பார்கள்?

இது நம்முடைய ஊகம் மட்டுமல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் அபிவிருத்தி ஸ்தாபனத்தார் ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட கூட்டங்களில் தாமாகப் போய்ச் சேர்ந்த 495 பேரை நேரில் விசாரித்து 2017-ல் ஒரு அறிக்கை போட்டார்கள். "கடைசியாக உன்னை அங்கே தள்ளியது எது?" என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 71 பேர் சர்க்காரின் செய்கையைச் சொன்னார்கள். "என் அண்ணனைக் கொன்றார்கள்", "என் சிநேகிதனைப் பிடித்துக் கொண்டு போனார்கள்" என்பதுதான் அவர்களுடைய பதில். மதத்துக்காகச் சேர்ந்ததாகச் சொன்னவர்களும் ஏராளம். ஆனால் நூற்றுக்கு 57 பேர் வேதத்தைப் பற்றித் தங்களுக்குக் கொஞ்சமோ ஒன்றுமோ தெரியாது, அல்லது படித்ததே இல்லை என்று ஒப்புக் கொண்டார்கள்.

அதே அறிக்கையில் நமக்கு ருசிக்காத ஒரு சங்கதியும் இருக்கிறது. அதை மறைப்பது யோக்கியமாகாது. ஆறு வருஷமாவது மதக் கல்வியை முறையாகப் படித்தவன், படிக்காதவனை விட இந்தக் கூட்டத்தில் சேருவது குறைவு என்பதாக அதில் கண்டிருக்கிறது. மதப் படிப்பே விஷம் என்று பேசிப் பழகிய நமக்கு இது கசப்புத்தான். ஆனாலும் காரணம் விளங்குகிறது. புஸ்தகத்தைத் தானே படித்தவனிடம், "புஸ்தகத்தில் இப்படி இருக்கிறது" என்று பொய் சொல்லி ஏமாற்ற முடியாதல்லவா? எந்தப் படிப்பும் இல்லாதவன்தான் எந்தப் பேச்சுக்கும் அகப்படுகிறான். உண்மை நம் கட்சிக்குச் சாதகமாயில்லை என்பதற்காக அதை ஒதுக்கினால், மழையை ஒப்பாத யூசுப்புக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இனி, காரியம் எப்படி நடந்தால் பலிக்கிறது என்பதற்கும் அந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-ல் மைதுகுரி நகரத்து வாலிபர்களே தடியும் கத்தியும் எடுத்துக் கொண்டு தெருத் தெருவாகக் காவல் நிற்க ஆரம்பித்தார்கள். பட்டாளத்தான் வேற்று ஊர்க்காரன், பாஷை தெரியாது, அவனுக்கு எல்லா முகமும் ஒன்றுதான். தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்கோ யார் யார் எந்த வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்பது தெரியும். சில மாதத்துக்குள் கலகக்காரர் நகரத்தை விட்டுக் காட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. குண்டு போட்டு நடக்காத காரியம், ஜனங்கள் மனது வைத்ததால் நடந்தது. அதிலும் கோளாறு இல்லாமலில்லை. அந்தக் காவற்படையில் சிறு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சிலர் தங்கள் சொந்தப் பகையையும் தீர்த்துக் கொண்டார்கள். பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று 2017-ல்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. சட்டம் இல்லாத கையில் தடி இருந்தால் அது யார் தடியானாலும் ஒன்றுதான்.

பட்டாளத்துச் சிப்பாயின் கதியையும் பாருங்கள். 2014 டிசம்பரில் 54 சிப்பாய்களுக்கு, சண்டைக்குப் போக மறுத்தார்கள் என்று மரண தண்டனை விதித்தார்கள். "ஆயுதமில்லாமல் எப்படிப் போவது?" என்பது அவர்களுடைய பதில். பிறகு அது சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மறு வருஷம் ஆட்சி மாறியதும், ஆயுதம் வாங்கவென்று ஒதுக்கிய 210 கோடி டாலர் வேறு வழியில் போனதாகப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் மீதே குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. யார் எடுத்தார்கள் என்பது கோர்ட்டுப் பாடு. சிப்பாயின் கையில் துப்பாக்கி ரவை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

சாட் ஏரிக் கரை விஷயம் இன்னும் கவனிக்கத் தக்கது. 2016-ல் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஷெகாவின் வெறியாட்டம் பிடிக்காமல் ஒரு பகுதியார் தனியே பிரிந்தார்கள். அவர்கள் அதிக கெட்டிக்காரர்கள். மீன் பிடிக்கிறவனிடமும் மாடு மேய்க்கிறவனிடமும் வரி வாங்கிக் கொண்டு, கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். மாட்டுத் திருட்டை அடக்கினார்கள். சர்க்கார் அதே சமயத்தில் என்ன செய்தது? கலகக்காரனுக்குப் பணம் போகக் கூடாதென்று மீன் வியாபாரத்தைத் தடுத்தது, சந்தைகளை மூடியது, ரஸ்தாக்களை அடைத்தது, உரம் விற்கக் கூடாதென்றது. மீன் பிடித்தால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பத்துக்கு, மீன் பிடிக்க விடுகிறவன் கலகக்காரனாகவும், தடுக்கிறவன் சர்க்காராகவும் ஆகிவிட்டால் அவன் யாருக்கு உளவு சொல்லுவான்? அதே தேசத்து ஆகாயப் படை 2017 ஜனவரி 17-ந் தேதி ரான் என்ற ஊரில் அகதிகள் தங்கியிருந்த முகாமின் மேல் தவறாகக் குண்டு போட்டது. 90 பேருக்கு மேல் செத்தார்கள். நமக்கு முன் பேசிய தோழர் ஆகாய விமானத்தைப் பற்றிச் சொன்னபோது நமக்கு ரான் நினைவுதான் வந்தது.

ஐக்கிய நாடுகள் சபையார் 2021-ல் போட்ட கணக்குப்படி, 2020 முடிய இந்தக் கலகத்தால் வடகிழக்கு நைஜீரியாவில் போன உயிர் ஏறக்குறைய மூன்றரை லட்சம். அதில் துப்பாக்கியாலும் வெடிகுண்டாலும் போனது பத்தில் ஒரு பங்கு. மற்ற ஒன்பது பங்கும் பசியாலும் பேதியாலும் வைத்தியமில்லாமலும் போனவை. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது ஆகாத குழந்தைகள்.

கடைசியில் 2021 மே மாதத்தில் ஷெகாவு செத்தார். பல தடவை பட்டாளத்தார் கொன்று விட்டதாக அறிவித்த மனிதர், சொந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து போனவர்கள் சாம்பிசா காட்டில் வளைத்துக் கொண்டதால் தாமே வெடிகுண்டை வெடித்துக் கொண்டு செத்தார். அதற்குப் பின் சில மாதங்களில், பெண்டு பிள்ளைகளோடு பல பதினாயிரம் பேர் காட்டை விட்டு வந்து சரணடைந்தார்கள். நிர்ப்பந்தத்தின் பேரில் அங்கே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் வெளியாயிற்று. வந்தால் சுட மாட்டார்கள், சோறும் தொழிலும் கிடைக்கும் என்று போர்னோ சர்க்கார் சொன்னதை நம்பி வந்தார்கள்.

ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. அகதி முகாமில் ஒரு வேளைக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற விதவை, தன் புருஷனைக் கொன்ற கூட்டத்தான் தையல் மிஷினும் பணமும் வாங்கிக் கொண்டு ஊருக்குத் திரும்புவதைப் பார்க்கிறாள். "நானும் காட்டுக்குப் போயிருந்தால் எனக்கும் கிடைத்திருக்குமோ?" என்று அவள் கேட்டால் என்ன பதில்? மன்னிப்பதற்கு உரிமையுள்ளவள் அவள். அவளைக் கேட்காமலே சர்க்கார் மன்னித்து விட்டது. திரும்பி வருகிறவன் ஊரார் முன்னிலையில் இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். கொலை செய்தவன் கோர்ட்டில் நிற்க வேண்டும். நிர்ப்பந்தத்தில் போனவன் வீட்டுக்குப் போகலாம். அந்த விதவைக்கு முதலில் கொடுத்து விட்டுத்தான் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். இப்படிச் செய்யாததால்தான் திரும்பி வந்தவர்களைப் பல ஊர்களில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். சேர்க்காவிட்டால் அவர்கள் போவதற்கு ஏரிக்கரையில் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. 2025-ம் வருஷத்தில்கூட அந்தக் கூட்டம் போர்னோவில் பட்டாள முகாம்களைத் தாக்கியது.

துண்டுச் சீட்டுகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் சிபோக் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறது. அன்று இரவே லாரியிலிருந்து குதித்தும், காட்டில் ஓடியும் 57 பேர் தப்பினார்கள். 2016-ல் 21 பேரும், 2017-ல் 82 பேரும் பேச்சு வார்த்தை நடத்தி மீட்கப்பட்டார்கள். சிலரைப் பின்பு பட்டாளத்தார் காட்டில் கண்டெடுத்தார்கள். கையில் குழந்தைகளோடு வந்தார்கள். 2024 ஏப்ரலில் பத்து வருஷம் முடிந்தபோது எண்பது பேருக்கு மேல் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் யோலா நகரத்துக் கலாசாலையில் சேர்ந்து விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள். திரும்பாதவர்களின் பெற்றோரில் பலர் காத்திருந்தே இறந்து போனார்கள்.

மற்றொரு சீட்டில் இருப்பது நம் ஊர்ப் பள்ளிக்கூட விஷயம். அதை அடுத்துப் பேசப் போகும் தோழர் எடுத்துக் கொள்வார்.